தீக்குச்சித் தலையில ஒரு ராத்திரி

சாட்டிலைட் மேப்ப நல்லா ஜூம் பண்ணிப் பாத்தா, காட்டுக்குள்ள ஒல்லியா ஒரு மண் ரோடு வளைஞ்சு வளைஞ்சு போயி திடீர்னு நின்னுடும், நிக்கிற இடத்துல தீக்குச்சித் தலை மாதிரி சின்னதா ஒரு உருண்டை தெரியும். அதான். டென்ட் போட்டுப் படுக்க அதத் தேடித்தான் எட்டு வருஷமா கோடைல வியாழக்கிழமை ராத்திரி ஆனா லேப்டாப்ப எடுத்து வெச்சு உக்காந்துடுறேன், வீட்டுல "இப்ப மறுபடியும் குச்சி தேட ஆரம்பிச்சாச்சா"ன்னு ஒரு குரல் வரும், நான் காதுல வாங்க மாட்டேன்.

நாங்க இருக்கறது போர்ட்லாண்ட் பக்கம். கொலம்பியா ஆத்தத் தாண்டினா வாஷிங்டன் ஸ்டேட், அங்கருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டினா கிஃபர்ட் பின்ஷோ நேஷனல் ஃபாரஸ்ட். 13 லட்சம் ஏக்கருக்கு மேல. ஒரு பக்கம் 1980 மே மாசம் வெடிச்ச செயின்ட் ஹெலன்ஸ் மலை, இன்னொரு பக்கம் 12 ஆயிரம் அடிக்கு மேல நிக்கிற மவுண்ட் ஆடம்ஸ். இந்தக் காட்டுல பெரும்பாலான இடத்துல நீங்க டென்ட் போட்டுப் படுக்கலாம், காசு கிடையாது, புக்கிங் கிடையாது, கேட்டு கிடையாது. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா நேஷனல் பார்க்கும் நேஷனல் ஃபாரஸ்ட்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க, நானும் இங்க வந்த முதல் நாலு வருஷம் அப்படித்தான் நெனச்சேன், ஆறு மாசத்துக்கு முன்னாடியே அலாரம் வெச்சு எழுந்து கேம்ப்சைட் புக் பண்ணி, அதுக்கும் பக்கத்து டென்ட்டுக்காரன் குறட்டையக் கேட்டுட்டுப் படுத்துட்டு வந்தேன்.

ரெண்டும் வேற வேற. பார்க் அரசாங்க நிலத்தப் பாத்துக்கற இன்டீரியர் துறைக்குக் கீழ வருது, அங்க மரத்துல கைய வெக்க முடியாது. ஃபாரஸ்ட் விவசாயத் துறைக்குக் கீழ வருது. இத முதல்ல படிச்சப்ப சிரிப்பா இருந்துச்சு, காட்டுக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்னு. அப்புறம் புரிஞ்சுது, அவங்க கணக்குல மரம் ஒரு பயிர். வெட்டணும், நடணும், மறுபடி வெட்டணும். வெட்டின மரத்த வெளிய கொண்டு வரணும்னா ரோடு வேணும், அதான் நாடு முழுக்க நேஷனல் ஃபாரஸ்ட்டுக்குள்ள மட்டும் 3 லட்சத்து 70 ஆயிரம் மைலுக்கு ரோடு கிடக்கு. நாம படுக்கற இடம் எல்லாம் அந்த ரோட்டோட நுனியில இருக்கு.

இதெல்லாம் நானா கண்டுபிடிச்சதுன்னு ரொம்ப நாள் பெருமைல இருந்தேன். போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்ட்ல எங்கப்பா ஊர்லருந்து வந்தாரு.

அப்பா கூடலூர்க்காரர். நீலகிரி கூடலூர். எனக்கு விவரம் தெரிஞ்சப்ப அவரு தடி லாரி ஓட்டிட்டு இருந்தாரு, கூப்புக்குப் போயி லோடு ஏத்திட்டு டிப்போவுக்குக் கொண்டு போறது. கூப்புன்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன், காட்டுல இந்த வருஷம் இந்தத் துண்டுதான் வெட்டணும்னு குறிச்சுக் கொடுத்த இடம். அங்க போற ரோடு கூப்பு ரோடு. நான் அவர முன் சீட்டுல உக்கார வெச்சு, பெருசா, மேப்ப போன்ல காட்டி, "பாருங்கப்பா, இங்க ஒரு ரகசியமான இடம் இருக்கு, யாருக்கும் தெரியாது"ன்னு சொன்னேன். அவரு கண்ணாடியப் போட்டுட்டு ரெண்டு செகண்டு பாத்தாரு. "என்னடா ரகசியம், கூப்பு ரோடு. முடியுற எடத்துல லோடிங் களம். லாரி திரும்பணும்ல."

அவ்வளவுதான். அத்தன வருஷ ஆராய்ச்சி.

இங்க அதுக்கு லேண்டிங்னு பேரு. சரிவுல வெட்டின மரத்தக் கம்பி வடத்துல கட்டி இழுத்து மேல கொண்டு வந்து, ஒரு சமமான இடத்துல போட்டு, கிளை கழிச்சு, அளவா அறுத்து, லாரில ஏத்துவாங்க. அதுக்கு டவர் மெஷின் நிக்கணும், லோடர் நிக்கணும், லாரி வந்து திரும்பிப் போகணும், அதனால மலையச் செதுக்கி ஜல்லி கொட்டி கெட்டிச்சு வெச்சிருப்பாங்க. வேலை முடிஞ்சு அவங்க போனதுக்கப்புறம் பாத்தா ரெண்டு டென்ட்டும் ஒரு காரும் நிக்கிற மாதிரி ஒரு திண்ணை, பெரும்பாலும் மலைச்சரிவோட மேல்முனைல, எதிர்ல மரம் வெட்டினதால மறைக்க ஒண்ணும் இல்ல. அதான் அங்கருந்து பாத்தா வியூ பிரமாதமா இருக்கு. ஆடம்ஸ் மலை முழுசாத் தெரியற அந்த இடம் ஏன் அப்படித் தெரியுதுன்னா, நடுவுல இருந்த மரத்தையெல்லாம் யாரோ வித்துட்டாங்க. இத முதல்ல யோசிச்சப்ப கொஞ்சம் உறுத்தலாத்தான் இருந்துச்சு, ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல வானத்தப் பாத்தா உறுத்தல் எல்லாம் போயிடும், நல்ல அடர்ந்த காட்டுக்குள்ள படுத்தா ஒரு நட்சத்திரம் தெரியாது, இங்க பால்வெளி மண்டலம் ஒரு ஓரத்துலருந்து இன்னொரு ஓரம் வரைக்கும்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேக்கறவங்களுக்காக. ஃபாரஸ்ட் சர்வீஸ் ஒரு மேப் போடுது, மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப்னு, இலவசம், பாக்கறதுக்குக் கருப்பு வெள்ளைல ரொம்ப அசிங்கமா இருக்கும், மலை எங்க ஏறுது இறங்குதுன்னு ஒண்ணும் தெரியாது. ஆனா எந்த ரோட்டுல வண்டி போகலாம், எந்த மாசத்துல போகலாம்னு சட்டப்படி சொல்றது அது மட்டும்தான். அதுல இல்லாத ரோடு கண்ணுக்கு எதிர்ல இருந்தாலும் ஓட்டக் கூடாது. சில ரோட்டோரமா புள்ளி புள்ளியா போட்டிருக்கும், அங்க ரோட்ட விட்டுக் கொஞ்சம் உள்ள இறக்கி கேம்ப் பண்ணலாம்னு அர்த்தம். அத அவென்ஸா ஆப்ல வீட்டுலயே இறக்கி வெச்சுக்கணும், காட்டுக்குள்ள சிக்னல் சுத்தமா கிடையாது. அதுக்கு மேல சாட்டிலைட் படத்த வெச்சு ஒப்பிட்டுப் பாத்தா தீக்குச்சிகள் வரிசையாத் தெரியும்.

ரோட்டு நம்பர்லயும் ஒரு ஒழுங்கு இருக்கு. ரெண்டு நம்பர் இருந்தா பெரிய ரோடு, உதாரணத்துக்கு 23, ராண்டில்லருந்து ட்ரவுட் லேக் போறது. அதுலருந்து பிரியற கிளைக்கு நாலு நம்பர், 23-ல ஆரம்பிக்கும். அதுலருந்து பிரியற குச்சிக்கு மூணு நம்பர். மூணு நம்பர் ரோடுதான் நம்ம ரோடு. நம்பர் போர்டு படுக்கையா எழுதியிருந்தா சாதா கார் போகும், ஒண்ணு கீழ ஒண்ணா நெட்டுக்குத்தா எழுதியிருந்தா உயரமான வண்டி இல்லாம போகாதீங்க. நான் இத நம்பாம கேம்ரி எடுத்துட்டுப் போயி அடில இருந்த பிளாஸ்டிக் தட்டு மொத்தமும் பிச்சுக்கிட்டு, அத டிக்கில போட்டுக்கிட்டு திரும்பி வந்த கதை வீட்டுல இன்னும் ஓடிட்டு இருக்கு.

இன்னொண்ணு, காட்டுக்கு நடுவுல இருக்கற எல்லா நிலமும் ஃபாரஸ்ட் நிலம் இல்ல. 1864-ல நார்தர்ன் பசிஃபிக் ரயில் கம்பெனிக்கு லைன் போடறதுக்காக அரசாங்கம் நிலம் கொடுத்துச்சு, ஒரு மைல் சதுரம் உனக்கு, ஒரு மைல் சதுரம் எனக்குன்னு சதுரங்கக் கட்டம் மாதிரி. அதுல நிறைய பின்னாடி மரக் கம்பெனிங்க கைக்குப் போச்சு. அதனால வாஷிங்டன்ல சில இடத்துல கலர் மேப்ல பச்சை, வெள்ளை, பச்சைன்னு வரும். வெள்ளைல படுத்தா நீங்க அடுத்தவன் வீட்டு முத்தத்துல படுத்திருக்கீங்கன்னு அர்த்தம். அவங்கவங்க பெர்மிட் கேப்பாங்க, சிலர் கேட்ட சாத்திட்டுப் போயிடுவாங்க, சாயங்காலம் திறந்திருந்த கேட்டு காலைல பூட்டியிருந்தா என்ன பண்ணுவீங்க?

பழைய கூப்புக்கும் ஓடுற கூப்புக்கும் வித்தியாசம் தெரியணும். இதுல நான் வாங்கின அடி இருக்கு. மூணாவது வருஷம்னு நெனக்கறேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி, மறுநாள் லீவு, நண்பர் குடும்பமும் நாங்களும். அருமையான இடம், புதுசா ஜல்லி போட்டிருந்துச்சு, ஒரு ஓரமா மரம் அடுக்கியிருந்துச்சு, பசங்க அதுல ஏறக் கூடாதுன்னு மட்டும் சொன்னோம், அடுக்கின தடி உருண்டா ஆள் காலி. மரத்துல கலர் ரிப்பன் கட்டியிருந்தத யாரோ டிரெயிலுக்குக் கட்டினதுன்னு விட்டுட்டோம். விடியக்காலம் நாலரை மணிக்கு டென்ட்டுக்குள்ள பகல் மாதிரி வெளிச்சம். லாரி. பின்னாடி இன்னொரு லாரி. டிரைவர் இறங்கி வந்து, திட்டல, ரொம்ப மரியாதையா, "உங்களுக்கு ஒரு பத்து நிமிஷம் போதுமா"ன்னு கேட்டாரு. நாலு பெரியவங்களும் மூணு குழந்தைங்களும் நைட்டியும் ஜட்டியுமா டென்ட்ட அப்படியே சுருட்டி வண்டில திணிச்சோம். மரம் வெட்டறவங்க நாள் நமக்கெல்லாம் நடு ராத்திரில ஆரம்பிக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இத அப்பாகிட்ட சொன்னப்ப அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு, "அடிமரத்தோட வெட்டு வாய் என்ன கலர்ல இருந்துச்சுன்னு பாக்கலையா?"ன்னு கேட்டாரு. பாக்கணுமாம். வெட்டு வாய் வெளுப்பா, பிசின் வாசனையோட இருந்தா ஆள் திரும்பி வருவான். சாம்பல் பூத்து வெடிச்சிருந்தா வர மாட்டான். எந்த ஆப்லயும் இது இல்ல.

பழைய லேண்டிங்னா வேற அடையாளமும் இருக்கு. ஆல்டர் மரம் ஓரத்துல முளைச்சிருக்கும், ஊதா கலர்ல ஃபயர்வீட் பூ நிக்கும், யாரோ கல்லு வெச்சு அடுப்பு வட்டம் போட்டிருப்பாங்க. அந்த வட்டம் இருந்தா புதுசா ஒண்ணு போடாதீங்க, அதுலயே போடுங்க. அதுவும் தீ வெக்கலாமான்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துட்டு, ஜூலை ஆகஸ்ட்ல பெரும்பாலும் தடை இருக்கும், கேஸ் ஸ்டவ்வுல உப்புமா கிண்டிக்க வேண்டியதுதான். தடை இல்லாத நாள்லயும் அடிமரத்துப் பக்கத்துல தீ மூட்டக் கூடாது, வேர் வழியா உள்ளயே புகைஞ்சு நீங்க வீட்டுக்குப் போனதுக்கப்புறம் வேற எங்கயாவது எரியும். மண்வெட்டியும் ஒரு பக்கெட் தண்ணியும் எப்பவும் வண்டில இருக்கணும். கக்கூஸ் கிடையாது, தண்ணிலருந்து 200 அடி தள்ளி அரை அடிக்கு மேல குழி தோண்டி மூடணும், அதுக்கும் அதே மண்வெட்டிதான், கழுவிக்கோங்க. பெரும்பாலான காட்டுல ஒரே இடத்துல 14 நாள் வரைக்கும் இருக்கலாம், நமக்கெல்லாம் ரெண்டு நாள் லீவு கிடைச்சா பெருசு.

குப்பை. இதப் பத்திப் பேசினா எனக்குக் கோவம் வரும். ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கற லேண்டிங்ல பாதி துப்பாக்கி சுட்டுப் பழகற இடமா இருக்கு, தரை முழுக்க சிவப்பு, பச்சை தோட்டாக் கூடு, சுட்டு ஓட்டை போட்ட பழைய டிவி, உடைஞ்ச பாட்டில். குழந்தைங்களோட போறவங்க செருப்பு இல்லாம இறங்க விடாதீங்க. அதனால நான் முதல்ல கண்ணுல படற தீக்குச்சிய எடுக்க மாட்டேன், மெயின் ரோட்டுலருந்து மூணாவது நாலாவது. சோம்பேறிங்க அவ்வளவு தூரம் டிவி தூக்கிட்டு வர மாட்டாங்க.

அப்பாவோட போன அந்தத் தடவ நாங்க கார்சன் வழியா மேல ஏறினோம். ஏத்தத்துல காரு உறுமிச்சுன்னா அவரு கை தானா கியர் போடற மாதிரி அசையும், ஆட்டோமேட்டிக் வண்டி. வழியில ஒரு பெரிய பழைய அடிமரம், என் உயரத்துக்கும் மேல, ரெண்டு பக்கமும் கண்ணு மாதிரி செதுக்கின பொந்து. நான் இத எத்தனையோ தடவ பாத்துருக்கேன், வண்டிய நிறுத்தி அவருக்கு விளக்கினேன், அந்தக் காலத்துல செயின்சா கிடையாது, அடிப்பக்கம் ரொம்பப் பெருத்து பிசினா இருக்கும்னு, பொந்து வெட்டி அதுல பலகை சொருகி அது மேல நின்னு ரெண்டு பேரும் ரம்பம் போட்டுருக்காங்கன்னு. அவரு சுத்தி சுத்தி வந்தாரு. கையால மார் அளந்து பாத்தாரு, நாலு மாருக்கு மேல வந்துச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பலகைல நிக்கறவனுக்கு மரம் சாயும்போது குதிக்க எந்தப் பக்கம்னு தெரியணும்"னாரு.

அவருக்கு எப்படி இதெல்லாம் பாத்த உடனே புரியுதுன்னு நான் அப்புறமா படிச்சப்ப ஒரு விஷயம் கெடச்சுது. இந்தக் காட்டுக்குப் பேர் கொடுத்த கிஃபர்ட் பின்ஷோதான் 1905-ல ஆரம்பிச்ச ஃபாரஸ்ட் சர்வீஸோட முதல் தலைவர். அவரு காட்டியல் படிச்சது பிரான்ஸ்ல, நான்சிங்கற ஊர்ல. அவருக்கு வழி காட்டினவர் டீட்ரிச் பிராண்டிஸ்ங்கற ஜெர்மன்காரர், அவரு யாருன்னா, பிரிட்டிஷ் இந்தியாவோட முதல் காட்டு இன்ஸ்பெக்டர் ஜெனரல், 1864-லருந்து. நம்ம காட்ட துண்டு துண்டா பிரிச்சு, கணக்கு வெச்சு வெட்டற முறையக் கொண்டு வந்தவரு. கூப்புங்கற வார்த்தையே கூப்ங்கற பிரெஞ்சு வார்த்தைதான், வெட்டுன்னு அர்த்தம். ஆக எங்கப்பாவுக்கு கூடலூர்ல பழக்கமான காடும் இங்க நான் டென்ட் அடிக்கற காடும் ஒரே பள்ளிக்கூடத்துப் பாடம்.

நின்னு போனதும் ஏறக்குறைய ஒரே சமயத்துல. இங்க 1990-ல புள்ளி ஆந்தைய அழியற ஆபத்துல இருக்கற பறவைன்னு அறிவிச்சாங்க, அதுக்குப் பழைய பெருங்காடுதான் வேணும். அடுத்த வருஷம் சியாட்டில்ல நீதிபதி வில்லியம் ட்வையர் பழைய காட்டு ஏலத்தையெல்லாம் நிறுத்தி வெச்சாரு. 1994-ல நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பிளான் வந்துச்சு, இந்தப் பக்கத்து அரசாங்கக் காட்டுல மரம் வெட்டறது பழைய அளவுல சின்னப் பங்காச் சுருங்கிப் போச்சு. மில்லுங்க மூடினாங்க. மர வருமானத்துல 25 சதவீதம் உள்ளூர் ரோட்டுக்கும் ஸ்கூலுக்கும்னு 1908-லருந்தே சட்டம், அந்தக் காசும் போச்சு. அங்க, 1996 டிசம்பர் 12, கோதவர்மன் வழக்குல சுப்ரீம் கோர்ட், மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம் இல்லாம எந்தக் காட்டுலயும் மரம் வெட்டக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. நாடு முழுக்க போன அந்தக் கேஸ் கெளம்பினது எங்க தெரியுமா, எங்க கூடலூர் காட்டுலதான். நான் அப்ப ஆறாவது. அப்பா லாரி மூணு மாசம் வீட்டு முன்னாடி நின்னுச்சு, அப்புறம் வித்துட்டு பஸ் ஓட்டப் போயிட்டாரு.

அந்த ஆந்தைக் கதைய அவருகிட்ட டென்ட் வாசல்ல உக்காந்து சொன்னேன். ஃபிளாஸ்க்குலருந்து டீ ஊத்திட்டே கேட்டுட்டு இருந்தாரு. "நிறுத்தினது சரிதான்டா"ன்னாரு. "நாங்க ஏத்தின ஈட்டி மரமெல்லாம் இனி எப்ப வளர்றது." ஒரு வாய் குடிச்சுட்டு, "டிரைவருக்கு ஒரு வார்த்தை முன்னாடி சொல்லிருக்கலாம்"னாரு.

மரம் வெட்டறது குறைஞ்சதால நமக்கு ஒரு நஷ்டம் இருக்கு, சுயநலம்தான், சொல்லிடறேன். ரோடு போட்டதும் பராமரிச்சதும் மரக் காசு. அது இல்லன்னா ரோட்டுக்கடில இருக்கற குழாய் அடைச்சு, மழைல ரோடு அறுத்துட்டுப் போகும். 1996 பிப்ரவரி வெள்ளத்துல மட்டும் இந்தப் பக்கத்து மலை ரோடு எத்தனையோ போச்சு. சிலத சரி பண்றாங்க, நிறைய ரோட்ட வாசல்லயே மண்ணு குவிச்சு மூடிடறாங்க, அப்படி மூடினா ஆத்துல மண்ணு இறங்கறது குறையும், சால்மனுக்கு நல்லது, நியாயம்தான். நான் குறிச்சு வெச்சிருந்த பதினோரு தீக்குச்சில நாலு இப்ப இல்ல. ஒரு இடத்துல மண் மேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டிய விட்டுட்டு நடந்து போயிப் பாத்தேன், நாங்க டென்ட் போட்ட இடத்துல ஆல்டர் என் தலைக்கு மேல நிக்குது, அடுப்பு வட்டம் எங்கன்னே தெரியல.

மறுநாள் காலைல ஹக்கிள்பெர்ரி பறிக்கப் போனோம். இதுவும் வெயில் விழற இடத்துலதான் நல்லாக் காய்க்கும், மரம் மூடிடுச்சுன்னா செடி இருக்கும், பழம் இருக்காது. அந்தக் காலத்துல இங்கத்த பழங்குடி மக்கள் அதுக்காகவே தீ வெச்சு வெட்டவெளியா வெச்சிருந்தாங்க. சாடூத் பெர்ரி ஃபீல்ட்ஸ்னு ஒரு இடம் 24-ம் நம்பர் ரோட்டுல, அங்க ரோட்டுக்கு ஒரு பக்கம் யாகமா மக்களுக்கு மட்டும், 1932-ல அவங்க தலைவரும் ஃபாரஸ்ட் அதிகாரியும் கை குலுக்கிப் பேசி முடிச்ச ஏற்பாடு. போர்டு வெச்சிருக்கும், அந்தப் பக்கம் போகாதீங்க. நாங்க இந்தப் பக்கம் பறிச்சோம். அப்பா ஒண்ண வாயில போட்டுப் பாத்துட்டு, "தவுட்டுப்பழம் மாதிரின்னு சொல்ல வந்தேன், இல்ல, இது புளிப்பு ஜாஸ்தி"ன்னாரு, ஆனா எங்க எல்லாரையும் விட அவரு டப்பாதான் முதல்ல நெறஞ்சுது.

நாங்க படுத்த இடம் எந்த ரோடுன்னு கேக்காதீங்க. சொல்ல மாட்டேன். போன தடவ ஒருத்தருக்குச் சொன்னேன், அவரு அஞ்சு காரோட போயி ஸ்பீக்கர் வெச்சுட்டு வந்தாரு.

திங்கக்கிழமை காலைல இறங்கி வந்துட்டு இருந்தோம். ஒரு வளைவுக்கு முன்னாடி அப்பா கண்ணாடிய இறக்கிட்டு, "நிறுத்து, ஓரம் கட்டு, லோடு வண்டி வருது"ன்னாரு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. ஓரமா இருந்த அகலத்துல ஒதுக்கினேன், ஒரு நிமிஷம் கழிச்சு பக்கத்து கிளை ரோட்டுலருந்து புழுதிய கெளப்பிட்டு லாரி வந்துச்சு, நெறஞ்ச லோடு. டிரைவர் ரெண்டு விரல ஸ்டீரிங்லருந்து தூக்கினாரு, அப்பாவும் ஜன்னல்ல கைய வெச்சு அதே மாதிரி ரெண்டு விரல தூக்கினாரு. புழுதி அடங்கற வரைக்கும் பாத்துட்டே இருந்தாரு.

"முப்பது தடி இருக்கும்டா. எல்லாம் ஒல்லி, நட்ட மரம். நாங்க மூணே தடி ஏத்துவோம்." கண்ணாடிய ஏத்திட்டு, கொஞ்ச தூரம் போனதுக்கப்புறம், "ரெண்டு கம்பிதான் போட்டுக் கட்டிருக்கான், பாத்தியா? எங்க ஓனரா இருந்தா வண்டிய எடுக்க விட மாட்டான்."